அத்தை கையில் பூங்கொத்து

எங்கள் தெருவில் வெளிநாடு போய் வந்தவர்களின் படங்களுக்கென்று ஓர் இலக்கணம் இருந்தது. யாருடைய காரோ, அதன்மேல் ஒரு கை. கண்ணில் கறுப்புக் கண்ணாடி. பின்னால் அண்ணாந்து பார்க்கும்படியான ஒரு கட்டடம். கடலூர் முதுநகரில் நாங்கள் குடியிருந்த தெருவில் பல வீடுகளில் அப்படி ஒரு படம் சாமி படங்களுக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கும். அதனால் அப்பாவின் தங்கை குவைத்திலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வருகிறாள் என்று தெரிந்ததும், சாக்லேட்டுக்கு அடுத்தபடியாக நான் எதிர்பார்த்தது படங்களைத்தான்.

எனக்கு அப்போது பத்து வயது. அத்தை ஊரைவிட்டுப் போனபோது நான் பள்ளிக்கூடத்தில்கூடச் சேர்ந்திருக்கவில்லை. சுனாமி வந்துபோன மறுவருஷம் அது. துறைமுகத்துப் பக்கம் அப்பா பார்த்துக்கொண்டிருந்த வேலை அலையோடு போய்விட்டது. அத்தைக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தமும் அந்தக் குழப்பத்தில் நழுவிப்போனது. ஓர் ஏஜெண்ட் மூலமாகக் குவைத்தில் ஒரு பணக்கார வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்து அத்தை விமானம் ஏறினாள். நடுவில் ஒருமுறைகூட வரவில்லை. அந்தக் குழந்தை அவளை விட்டு இருக்காது என்று லீவு கொடுக்கவில்லையாம்.

வந்ததும் அத்தை தூங்கினாள். முதல் நாள் பயணக் களைப்பு என்றார்கள். இரண்டாம் நாளும் அதையே சொன்னார்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு அம்மாவுக்கு அக்கம்பக்கத்தாரிடம் சொல்லக் காரணம் கிடைக்கவில்லை. பார்க்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, உள்ளறையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த அத்தையின் முதுகைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்பா அப்போது செம்மங்குப்பத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அவரும் பகலில் தூங்குகிறவர். அந்த மே மாத வெயிலில் எங்கள் வீட்டில் எந்நேரமும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நானும் அம்மாவும் குரலைத் தாழ்த்திப் பேசியே அந்தக் கோடையைக் கழித்தோம்.

ஒருவழியாக அத்தை எழுந்து பெட்டியைத் திறந்தபோது ஆல்பம் வெளியே வந்தது. சிவப்பு வெல்வெட் அட்டை, அதில் தங்க நிறத்தில் அரபி எழுத்து. வேலையை விட்டு அனுப்பும்போது வீட்டு எஜமானி பிரிண்ட் போட்டுக் கொடுத்தது. அங்கே எஜமானியை மாமா என்றும் எஜமானரை பாபா என்றும்தான் கூப்பிடவேண்டுமாம். “மாமாதான் குடுத்தாங்க” என்று அத்தை சொன்னதும், எந்த மாமா என்று பக்கத்து வீட்டுக்காரி ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அதை விளக்குவதற்குள்ளாகவே அத்தைக்கு அலுப்புத் தட்டிவிட்டது.

அந்த ஆல்பம் அவர்கள் வழக்கப்படி வலப்பக்கமிருந்து தொடங்குவது. எங்களுக்கு அது தெரியாது. நம் வழக்கப்படி புரட்டினோம். முதல் பக்கத்தில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் பள்ளிச் சீருடையில் நின்றான். புரட்டப் புரட்ட அவன் சின்னவனாகிக்கொண்டே போனான். நடந்தவன் தவழ்ந்தான், தவழ்ந்தவன் படுத்தான். கடைசிப் பக்கத்தில் துணியில் சுற்றிய சிசுவாகி முடிந்துபோனான். அவனுக்கு நீளமாக ஒரு பெயர் இருந்ததாம். அத்தை அதைச் சொல்லவில்லை. அப்பு என்றே சொன்னாள். அவனும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்ப்பானாம்.

ஒவ்வொரு கோடையிலும் அந்தக் குடும்பம் வெயிலுக்குப் பயந்து ஐரோப்பா போகும். பையனுக்காக அத்தையையும் கூட்டிக்கொண்டு போகும். அப்படித்தான் அத்தை லண்டன் பார்த்தாள், பாரிஸ் பார்த்தாள், ஸ்விட்சர்லாந்தில் பனிமலை பார்த்தாள். எங்கள் தெருவில் மட்டுமல்ல, தாலுகா ஆபீஸில்கூட அத்தனை நாடு பார்த்தவர்கள் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் படங்களில் அவளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. படம் எடுத்தவர்கள் பையனைத்தான் எடுத்தார்கள். அவனைத் தூக்கி வைத்திருந்த அளவுக்கு அத்தை படத்தில் வந்தாள். சிலவற்றில் முகமும் விழுந்திருந்தது. சிலவற்றில் கழுத்துக்குக் கீழே மட்டும். பனிமலைப் படம் ஒன்றில் சறுக்கி விழப்போகிறவனைப் பிடித்த இரண்டு கைகள், அவ்வளவுதான். வந்தவர்கள் எல்லோரும் “இதுல நீ எங்கம்மா?” என்று கேட்டார்கள். அத்தை சளைக்காமல் கையைக் காட்டினாள், தோளைக் காட்டினாள், ஓரத்தில் பறந்த துப்பட்டாவைக் காட்டினாள். எனக்கு அது நல்ல விளையாட்டாக இருந்தது. பக்கம் திரும்பியதும் அத்தை இருக்கும் இடத்தில் மற்றவர்களுக்கு முன்னால் விரலை வைத்துவிடுவேன்.

ஊர்களைப் பற்றிக் கேட்டால் அவள் சொன்ன பதில்கள் யாருக்கும் திருப்தியாக இல்லை. பாரிஸ் கோபுரத்தின் மேல் ஏறினாயா என்று கேட்டதற்கு, தள்ளுவண்டியை மேலே ஏற்ற விடமாட்டார்கள், அதனால் கீழே புல்வெளியில் அவனைத் தூங்கவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்றாள். லண்டன் என்றால் அவளுக்கு ஜூரம். அங்கேதான் அவனுக்கு அம்மை ஊசி போட்ட பிறகு ஜூரம் வந்து, ஹோட்டல் அறையை விட்டு அசையவில்லை. ஸ்விட்சர்லாந்தில் ஒரு பெரிய ஏரி, அதன் நடுவிலிருந்து தண்ணீர் வானம்வரை பீச்சியடிக்கும். அதைப் பார்த்து அவன் பயந்து அழுதான் என்றாள். ஏரி எப்படி இருந்தது என்பது அவளுக்கு நினைவில்லை. கொஞ்ச நாளில் கேட்பவர்கள் குறைந்துபோனார்கள்.

அத்தைக்கு முப்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து நடமாட ஆரம்பித்த உடனேயே வீட்டில் மாப்பிள்ளை பேச்சும் ஆரம்பித்தது. வடலூரிலிருந்து முதலில் ஒரு குடும்பம் வந்தது. பெருமைக்காக அம்மா ஆல்பத்தை எடுத்துக் கொடுத்தாள். வந்த பெண்மணி பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டே வந்து, நடுவில் நிறுத்தி, குழந்தை யாருடையது என்று கேட்டாள். வேலை பார்த்த வீட்டுக் குழந்தை என்றாள் அம்மா. அந்த அம்மாள் படத்தைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். பையன் ரோஜா நிறம், எங்கள் அத்தை மாநிறம். ஆனால் சந்தேகத்துக்கு நிறம் ஒரு தடையாக இருந்ததில்லை. பாதி காபியை வைத்துவிட்டுப் போனவர்கள் பிறகு போனையே எடுக்கவில்லை.

அம்மாவின் அண்ணன், என் மாமா, சிதம்பரத்தில் மனை வாங்கி விற்கும் தரகு செய்துகொண்டிருந்தார். எதைப் பற்றிப் பேசினாலும் அவருக்கு மனை பாஷைதான் வரும். வடலூர்க் கதையைக் கேட்டதும் ஆல்பத்தை வாங்கிப் புரட்டிவிட்டு அவர் சொன்னார்:

“பொண்ணுகிட்ட ஒண்ணுமில்ல. படத்துலதான் வில்லங்கம்.”

அவரிடம் ஒரு வரன் இருந்தது. அண்ணாமலை நகரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், முதல் மனைவி தவறிவிட்டாள், குழந்தை குட்டி எதுவும் கிடையாது, அம்மாவும் பிள்ளையும் மட்டும்தான் என்றார். அவர்களிடம் மாமா ஏற்கெனவே அத்தையைப் பற்றிக் கொஞ்சம் கூட்டியே சொல்லி வைத்திருந்தார். குவைத்தில் ஆபீஸ் வேலை, கம்பெனியே செலவு செய்து ஐரோப்பா சுற்றிக் காட்டியது என்று. அதனால் அவர்கள் வெளிநாட்டுப் படங்களைப் பார்க்க ஆசைப்படுவார்கள். படங்களில் பையன் இருக்கக்கூடாது. கீழவீதியில் தனக்குத் தெரிந்த ஸ்டூடியோக்காரர் இருக்கிறார், கம்ப்யூட்டரில் யாரை வேண்டுமானாலும் எடுப்பார், யாரை வேண்டுமானாலும் சேர்ப்பார் என்றார் மாமா.

அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை சரி என்றாள். அந்த நாட்களில் அவள் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். சாப்பிடுகிறாயா என்றால் சரி, புடவை மாற்றிக்கொள் என்றால் சரி. மறுத்துப் பேசுவதற்கு எழுந்து உட்கார வேண்டும், அதற்குத் தெம்பில்லை என்பது போல.

அடுத்த நாள் நானும் அத்தையும் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினோம். துணைக்கு நான். ஆல்பம் ஒரு ஜவுளிக்கடைப் பையில் அத்தையின் மடியில் இருந்தது. வெளியே பார்க்க ஜன்னலோரம் எனக்குக் கிடைத்தது. புதுச்சத்திரம் தாண்டியதும் உப்புக் காற்று விட்டுப்போய் அனல் அடித்தது. அத்தை வழி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள், தூங்கவில்லை.

ஸ்டூடியோ மாடியில் இருந்தது. முகூர்த்த மாதம். கல்யாண ஆல்ப வேலைகள் குவிந்துகிடந்ததால் ஸ்டூடியோக்காரரின் கண்கள் சிவந்திருந்தன. மாமா போனில் சொல்லியிருந்ததால் எங்களை உடனே உட்காரவைத்தார். நல்ல மனுஷர். எனக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். முகம் தெரிகிற படங்களாக அத்தை பொறுக்கிக் கொடுத்தாள். பனிமலையில் கைகள் மட்டும் இருந்த படம் நடுவில் வந்தபோது அவர் அதைத் தனியாக எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“இதுல பையன எடுத்துட்டா ஒண்ணுமே மிஞ்சாது சிஸ்டர்.”

முதலில் பாரிஸ் படத்தை ஏற்றினார். பெரிய கோபுரம், முன்னால் அத்தை, இடுப்பில் பையன். மவுஸை வைத்துப் பையனைச் சுற்றிப் பொறுமையாகக் கோடு போட்டுக்கொண்டு வந்தார். தலைமுடி சுருட்டை சுருட்டையாக இருந்ததால் அந்த இடத்தில் ரொம்ப நேரமாயிற்று. பிறகு ஒரு பட்டனைத் தட்டினார். பையன் இருந்த இடம் வெள்ளை வெளேரென்று ஒரு பையன் வடிவ ஓட்டையானது. நான் கைதட்டினேன். அத்தை என் கையை மெல்லப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

புல்லையும் உடுப்பையும் எங்கிருந்தோ எடுத்து ஓட்டையை அடைத்தார். அத்தையின் கைகள் மட்டும் அந்தரத்தில் எதையோ ஏந்தியபடி நின்றன. அதை மாற்ற முடியாது என்றார். கைகளையும் எடுத்தால் உடம்பே கோணலாகிவிடுமாம். அதனால் கையில் எதையாவது கொடுத்தாக வேண்டும். ஹேண்ட்பேக், டெடி பொம்மை, பூங்கொத்து எல்லாம் அவரிடம் இருந்தன. இடுப்பில் ஹேண்ட்பேக் பொருந்தவில்லை. பொம்மை வைத்தால் குழந்தை மாதிரியே தெரிந்தது. கடைசியில் கல்யாண ஆல்பத்தில் மணமகளுக்கு வைக்கிற ஒரு பெரிய பூங்கொத்தை எடுத்து அத்தையின் கையில் வைத்தார். அத்தை குழந்தையைப் பார்ப்பது போலப் பூங்கொத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டு பாரிஸில் நின்றாள்.

இரண்டு மூன்று படங்கள் முடிந்ததும் அவர் டீ வரவழைத்தார். டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்:

“உங்க பையனா சிஸ்டர்?”

“இல்ல.”

“பின்ன எதுக்குங்க எடுக்கணும்?”

அத்தை டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அடுத்த படத்தை எடுத்து நீட்டினாள். அவரும் வற்புறுத்தவில்லை.

லண்டன் படத்தில் ஒரு சிக்கல் வந்தது. அதில் பையன் அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தான். அவன் கை பின்னாலிருந்து வந்து, விரல்கள் மட்டும் அவள் தோளில் பதிந்திருந்தன. விரலை எடுத்தால் கழுத்து நசுங்கிய மாதிரி ஆனது. இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு அவர் விட்டுவிட்டார். துப்பட்டா மடிப்பு மாதிரிதான் தெரியும், யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள் என்றார். அத்தை கண்ணாடியில் பார்ப்பது போலத் திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு, “இருக்கட்டும்” என்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் எங்களுக்குப் பின்சீட்டுதான் கிடைத்தது. பி.முட்லூர் தாண்டியதும் நான் கேட்காமலேயே அத்தை சொன்னாள். அவளை அனுப்பிய அன்று காலையில் அப்புவை அவன் அம்மா கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாளாம். அவன் பள்ளியில் தமிழிலேயே பேசுகிறான், இனிமேல் இவளோடு இருந்தால் உருப்படமாட்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்களாம். கடையிலிருந்து அவன் வருவதற்குள் அத்தையை விமான நிலையத்துக்கு வண்டி ஏற்றிவிட்டார்கள்.

“வந்து தேடியிருப்பான்ல அத்த?” என்றேன்.

“தேடுவான். அப்பறம் பசிக்கும். சாப்புடுவான்.”

எனக்குப் பஸ் நெடியில் குமட்டிக்கொண்டு வந்தது. அவள் என் தலையைத் தன் தோளில் சாய்த்து, நெற்றியில் உள்ளங்கையை வைத்துப் பிடித்துக்கொண்டாள். கடலூர் வந்து நான் எழுந்திருக்கும்வரை அந்தக் கையை எடுக்கவேயில்லை.

அண்ணாமலை நகர்க்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, கூட்டிக்கொண்டு வந்த எங்கள் மாமா, மூன்று பேர்தான். மாப்பிள்ளைக்குக் காதோரம் நரைத்திருந்தது. ஜெராக்ஸ் மெஷின் மை நகக்கண்ணில் ஏறிப் போகாமல் இருந்தது. அவர் அம்மா வெயிலில் வாடிப்போய் வந்தவர் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, முதலில் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார். அப்பா முந்தின நாள் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்து உட்கார்ந்திருந்தார். பார்த்தால் எல்லோரும் கல்யாணம் பேச வந்தவர்கள் மாதிரி இல்லை, ரயில் தாமதமாகிப்போன நிலையத்தில் காத்திருப்பவர்கள் மாதிரி இருந்தார்கள்.

புது ஆல்பம் கை மாறியது. மாப்பிள்ளையின் அம்மா பாரிஸைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார், குவைத்துக் கடற்கரையைப் பார்த்தார். பிறகு, போகிற ஊரில் எல்லாம் ஒரே பூங்கொத்தாக இருக்கிறதே என்று கேட்டார். அந்த ஊர்களில் வருகிறவர்களுக்கெல்லாம் பூ கொடுத்துத்தான் வரவேற்பார்கள் என்றார் மாமா. அந்த அம்மாள் நம்பிவிட்டார். நம்மூரில் ஒரு சந்தனப்பொட்டோடு முடித்துவிடுகிறார்கள் என்று வருத்தப்பட்டார்.

மாப்பிள்ளை ஆல்பத்தை வாங்கினார். ஒவ்வொரு படத்தையும் நிதானமாகப் பார்த்தார். நாளெல்லாம் பிரதியெடுக்கிறவர், படத்தைப் பார்க்கத் தெரிந்தவர். லண்டன் படத்தில் நின்றார். ரொம்ப நேரம் பக்கத்தைப் புரட்டவில்லை. பிறகு தலையை நிமிர்த்தி அத்தையிடம் நேராகவே கேட்டார்.

“இது யாரு வெரலுங்க?”

மாமா எழுந்து வந்து அது துப்பட்டா மடிப்பு என்றார். அப்பா தரையைப் பார்த்தார். அம்மாவின் கையிலிருந்த கேசரித் தட்டு சாய்ந்து நெய் ஒரு பக்கமாக ஒழுகியது. அத்தை யாரையும் பார்க்காமல் உள்ளே போனாள். சிவப்பு வெல்வெட் ஆல்பத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

“நா ஆபீஸ் வேலைக்குலாம் போவல. கொழந்த பாத்துக்கிட்டேன். இதுல எல்லாத்துலயும் அவன் இருக்கான்.”

சொல்லிவிட்டு அவள் ஆல்பத்தை அவருக்காகத் திருப்பி, வலப்பக்கமிருந்து திறந்து வைத்தாள். இப்போது துணிச்சுருளிலிருந்து கண் விழித்து, குப்புற விழுந்து, தவழ்ந்து, பையன் வளர்ந்துகொண்டே வந்தான். மாப்பிள்ளை எல்லாப் பக்கத்தையும் பார்த்தார். பள்ளிச் சீருடைப் படம் வந்ததும் ஆல்பத்தை மூடினார்.

“எம் பொண்ணுக்கும் கிட்டத்தட்ட இந்த வயசுதான் ஆவுது.”

அவருடைய அம்மா கண்ணை மூடிக்கொண்டார். மாமா திடீரென்று மின்விசிறியின் வேகத்தைக் கூட்டப் போனார். ரெகுலேட்டரைத் திருகிக்கொண்டு அங்கேயே நின்றார். குழந்தை குட்டி கிடையாது என்று மாமா எங்களிடம் சொன்னது, ஆபீஸ் வேலை என்று அங்கே சொன்னதைப் போலத்தான் என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. நாலு வயதுப் பெண் குழந்தை. வரும்போது பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். சொன்னால் யாரும் பெண் தரமாட்டார்கள் என்று பயந்தோம் என்றார் அந்த அம்மாள். மறைத்ததற்கு மன்னிப்புப் போல அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

முதலில் சிரித்தது அப்பாதான். அவர் சிரித்து நான் பார்த்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மறுபடி காபி போட்டாள். அத்தைக்குக் குழந்தை என்றால் உயிர், அங்கே தாயில்லாத குழந்தை, இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும் என்று எல்லோரும் ஏகமனதாகப் பேசினார்கள். ரெகுலேட்டரை விட்டு வந்த மாமா, பத்திரம் பதிவாகிவிட்டது போலவே நடந்துகொண்டார்.

அடுத்த வாரம் குழந்தையோடு வந்தார்கள். கழுத்துவரை பட்டன் போட்ட மஞ்சள் கவுன், அதற்குள் வேர்த்து நனைந்து ஓர் எலிக்குஞ்சு மாதிரி இருந்தாள். முதலில் தன் அப்பாவின் பின்னாலேயே நின்றாள். அத்தை அவளைக் கூப்பிடவில்லை. ஒரு கிண்ணத்தில் பருப்புசாதம் பிசைந்து எடுத்துக்கொண்டு சும்மா போய்க் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். அந்தப் பெண் தானாகவே நகர்ந்து நகர்ந்து வந்தாள். அரை மணியில் சாதம் காலியாகிவிட்டது. கவுனின் மேல்பட்டனை அத்தை கழற்றிவிட்டாள். முதுகைத் தடவிக்கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் குழந்தை அவள் மடியிலேயே சுருண்டு தூங்கிப்போனாள். இவ்வளவு சுலபமாக ஒரு குழந்தையை யாரும் தூங்கவைத்து நான் பார்த்ததில்லை. பெரியவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே நாள் குறிப்பதைப் பற்றிப் பேசினார்கள்.

புறப்படும்போது குழந்தை எழுந்து அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மறுத்தாள். அவள் பாட்டி உருகிப்போய், “அம்மான்னு சொல்லும்மா. அம்மாட்ட சீக்கிரம் வந்துடலாம்னு சொல்லு” என்றார். குழந்தை சொன்னபடி சொன்னாள். அத்தை அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அவள் அப்பாவிடம் கொடுத்தாள். ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை அழுகை கேட்டது.

அம்மா உள்ளே வந்து டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே ஆவணியில் வைத்துக்கொள்ளலாமா என்றாள்.

“வேணாண்ணி” என்றாள் அத்தை.

அம்மா முதலில் மாதத்தைச் சொல்கிறாள் என்று நினைத்தாள்.

“ஐப்பசி ஆயிடுமே அப்பறம்.”

“கல்யாணமே வேணா.”

“ஏன்டி, அவரு நல்ல மாதிரிதான தெரியிறாரு?”

“நல்ல மாதிரிதான்.”

“புள்ளயும் அப்புடி ஒட்டிக்கிச்சு ஒங்கிட்ட.”

“அதான்” என்றாள் அத்தை. சுவரில் சாய்ந்து, மடியில் இரண்டு கைகளையும் மல்லாத்திப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “கை வலிக்குதுண்ணி. முடியல.”

அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் நின்றுபோனது. மாமா வந்து சத்தம் போட்டார், ஒரு வருஷம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரர் அடுத்த தையில் புவனகிரிப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டார். அந்தக் குழந்தையை அவள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள் என்று கேள்விப்பட்டோம். அத்தை திருப்பாதிரிப்புலியூரில் ஒரு துணிக்கடையில் புடவைப் பிரிவில் சேர்ந்தாள். குழந்தைகள் பிரிவில் சம்பளம் ஜாஸ்தி தருகிறோம் என்று கூப்பிட்டும் போகவில்லை. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள், தனியாள். அடுத்த வருஷக் கடைசியில் அடித்த புயலில் எங்கள் கூரை பறந்து இரண்டு ஆல்பமும் நனைந்தன. படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தால் முகம் உரிந்து வந்தது. அப்படியே வைத்துவிட்டோம்.

அன்று சாயங்காலம் இதெல்லாம் எனக்குத் தெரியாது. அப்பா ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டு, வாசலில் செருப்போடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, “விடு” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மா அடுப்படியில் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவினாள். என் காதில் விழுந்தது அத்தைக்குக் கை வலிக்கிறது என்பது மட்டும்தான். அந்தக் குழந்தை பார்க்கத்தான் எலிக்குஞ்சு, கனம் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். அலமாரியில் அப்பா முழங்காலுக்குத் தேய்க்கிற தைலம் இருந்தது. எடுத்துக்கொண்டு போய் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மணிக்கட்டில் தேய்த்து, “இங்கயா அத்த?” என்றேன்.

“ம்.”

முழங்கையில் தேய்த்து, “இங்கயா?” என்றேன்.

“இன்னுங் கொஞ்சம் மேல.”

தோள் வரைக்கும் போய்விட்டேன். எந்த இடத்தைக் கேட்டாலும் அவள் ம் என்றோ இன்னும் மேலே என்றோதான் சொன்னாள். சரியான இடம் தெரியாமல் எனக்குச் சலிப்பாக வந்தது. பாத்திரச் சத்தம் எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, பாட்டிலை வாங்கிக்கொண்டாள். அவ்வளவு கோபத்தில் இருந்தவள் அத்தையின் கையை மடியில் எடுத்து வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். எங்கே வலிக்கிறது என்று அவள் ஒருதடவைகூடக் கேட்கவில்லை. கேட்காமல் தேய்த்தால் எப்படிச் சரியாகும் என்று எனக்கு அம்மாமேல் எரிச்சலாக வந்தது.